நாமியேயில் பிறந்த பழைய பேட்டரி

ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாணத்தில், பசிபிக் கடலோரம் நாமியே என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2011 மார்ச்சில் நிலநடுக்கம், ஆழிப்பேரலை, அணு உலை விபத்து என்று மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தபோது, அங்கே வாழ்ந்த சுமார் 21,000 பேரும் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். ஊரின் ஒரு பகுதிக்கு மட்டும் மக்கள் திரும்பலாம் என்று அரசு அனுமதித்தது 2017 மார்ச் 31 அன்றுதான். அதற்கு அடுத்த ஆண்டு மார்ச்சில் அங்கே ஒரு தொழிற்சாலை திறந்தார்கள். ஓடித் தேய்ந்த நிசான் லீஃப் கார்களின் லித்தியம் பேட்டரிகளை வாங்கி, பிரித்து, அளந்து, தேறியதை மட்டும் சேர்த்து மறுபடியும் ஒரு கார் பேட்டரியாகக் கட்டித் தருவது அதன் வேலை. பழைய பேட்டரியைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொள்ள 2018இல் விலை 3,00,000 யென். அதே அளவில் புதுப் பேட்டரி என்றால் அப்போது 6,50,000 யென்.

பழசு மலிவாகத்தானே கிடைக்கும் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கழித்துப் போட்ட லித்தியம் செல்கள் இருபது வருடமாகவே மலிவாகக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. அவற்றில் எது உயிரோடிருக்கிறது, எது சாகப் போகிறது, எது தீப்பிடிக்கப் போகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் மிச்சம் பிடித்த காசெல்லாம் கரைந்துவிடும். நாமியே பேட்டரி பிறந்தது அளக்கிற வேலை மலிந்ததால்தான். அந்த வேலை எப்படி மலிந்தது என்பதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

லித்தியம் பேட்டரியைக் காருக்கென்று ஆரம்பத்திலேயே ஆசைப்பட்டது ஓர் எண்ணெய் நிறுவனம் என்பது இந்தக் கதையின் வேடிக்கைகளில் ஒன்று. 1970களில் பெட்ரோல் தட்டுப்பாட்டில் அமெரிக்கா திணறியபோது, எக்ஸான் தன் ஆய்வகத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாமை வைத்து லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடத்தியது. பிறகு அதைக் கைகழுவிவிட்டது. 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்எனஃப் லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்தார். 1985இல் ஜப்பானின் அசாஹி கசேயில் அகிரா யோஷினோ, லித்தியத்தை உலோகமாக வைக்காமல் கார்பனுக்குள் ஒளித்துவைக்கும் பாதுகாப்பான வடிவத்தைக் கட்டினார். மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்எனஃபுக்கு வயது 97.

கடைக்குக் கொண்டுவந்தது சோனி, 1991இல். சோனியிடம் ஏற்கெனவே ஒரு கைத்திறன் இருந்தது. ஒலிநாடா செய்வதற்காக, நீளமான பிளாஸ்டிக் சுருளின்மேல் காந்தப் பூச்சை மெல்லிசாக, ஒரே சீராகப் பூசப் பழகியிருந்தார்கள். லித்தியம் செல்லுக்குள் இருப்பதும் அதே மாதிரி, உலோகத் தகட்டில் பூசிச் சுருட்டிய ஒரு சுருள்தான். கேசட் மங்கிக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பூச்சு வித்தை பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்தது. கையடக்க வீடியோ கேமராவுக்காகத் தொடங்கியது, சில வருடங்களில் லேப்டாப்புக்குள் நுழைந்துவிட்டது. லேப்டாப்புக்கென்று எல்லா நிறுவனங்களும் செய்யத் தொடங்கிய செல்லுக்கு 18650 என்று பெயர். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், டார்ச் லைட்டில் போடும் பென்சில் பேட்டரியைவிடக் கொஞ்சம் பெரியது.

பழைய லேப்டாப்பின் பேட்டரிப் பெட்டியை உடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே பெரும்பாலும் ஆறு செல் இருக்கும். இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அப்படி மூன்று ஜோடிகளைத் தொடர் இணைப்பில் கோத்திருப்பார்கள். ஒரு ஜோடி தளர்ந்தால் போதும்; உள்ளே இருக்கும் சின்னச் சர்க்யூட் மொத்தப் பேட்டரியையும் முடக்கிவிடும். மற்ற நான்கு செல்லும் நன்றாகவே இருக்கும். தொடர் இணைப்பின் குணம் அது. சார்ஜ் ஏற்றும்போது எந்த செல் முதலில் நிரம்புகிறதோ, அங்கே நிறுத்தியாக வேண்டும். இறக்கும்போது எது முதலில் காலியாகிறதோ, அங்கேயும் நிறுத்தியாக வேண்டும். நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் நோஞ்சான் மாட்டின் நடைதான் வண்டியின் நடை என்பதைப் போல, கோத்த வரிசையில் மிக மெலிந்த செல்லின் கொள்ளளவுதான் முழுப் பேட்டரியின் கொள்ளளவு.

இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை தானாக விளங்கும். ‘செத்த’ பேட்டரி என்று நாம் தூக்கிப் போடுவதில் பாதிக்கு மேல் உயிருள்ள செல்களாக இருக்கலாம். ஆனால் அவற்றைக் கண்டபடி சேர்த்துக் கோத்தால், கோத்ததில் மட்டமானது மற்ற எல்லாவற்றையும் தன் மட்டத்துக்கு இழுத்துவிடும்.

லேப்டாப் செல்லில் கார் ஓடும் என்று காட்டியவர்கள் கலிஃபோர்னியாவின் சான் டிமாஸில் ஏசி புரொபல்ஷன் என்ற சிறு பட்டறை நடத்தியவர்கள். அதன் மூளை ஆலன் கொக்கோனி. ஜெனரல் மோட்டார்ஸின் புகழ்பெற்ற மின்சாரக் காரான ஈவி1க்கு முன்னோடியாக இருந்த இம்பாக்ட் காரின் மின்னணுப் பகுதியைச் செய்தவர். 1997இல் டிஸீரோ என்றொரு இரண்டு பேர் காரை 28 ஈய அமில பேட்டரிகள் வைத்துக் கட்டினார்கள். வேகம் அசாத்தியம், தூரம் சுமார்தான். 2003இல் ஈயத்தை இறக்கிவிட்டு ஏறக்குறைய 6,800 லேப்டாப் செல்களை ஏற்றினார்கள். காரின் எடை கணிசமாகக் குறைந்தது. ஒரு சார்ஜில் 300 மைல் வரை, அதாவது ஏறத்தாழ 480 கி.மீ. ஓடியது. அந்த மாற்றத்துக்குப் பணம் கொடுத்து உதவிய மார்ட்டின் எபர்ஹார்டு, அதே ஆண்டு மார்க் டார்ப்பென்னிங்குடன் சேர்ந்து டெஸ்லாவைத் தொடங்கினார். 2008இல் வெளிவந்த டெஸ்லா ரோட்ஸ்டரில் 6,831 செல்கள். 69 செல்களைப் பக்க இணைப்பில் ஒரு கட்டாகக் கட்டி, அப்படி 99 கட்டுகளைத் தொடரில் கோத்திருந்தார்கள். மொத்தம் 53 கிலோவாட் மணி. நம் கரண்ட் பில்லில் வரும் கணக்குப்படி 53 யூனிட்.

அவை எல்லாம் புத்தம் புதுச் செல்கள். கையில் காசில்லாதவனின் கணக்கு வேறு மாதிரி ஓடும் அல்லவா? புது லேப்டாப் செல்லில் கார் ஓடுமென்றால், கழித்துப் போட்ட லேப்டாப் செல்லில் ஏன் ஓடாது? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக் கொட்டகைகளில் பழைய கார்களை மின்சாரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்த ஆர்வலர்களுக்கு இந்த யோசனை வராமல் இருக்குமா? காயலான் கடைக்குப் போக வேண்டிய லேப்டாப் பேட்டரிகளை எடைக்கு வாங்கினார்கள். உடைத்தார்கள். செல் செல்லாக எடுத்தார்கள்.

அந்த வேலையின் முறையைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நாமியேயில் பின்னால் நடந்தது இதன் பெரிய வடிவம்தான். முதலில் வோல்ட்மீட்டர். நீண்ட நாள் முழுக்கக் காலியாகிக் கிடந்த செல் என்றால் அப்போதே கழித்துவிட வேண்டும். செல்லின் எதிர்முனைத் தகடு செம்பு. வோல்டேஜ் அளவுக்கு மீறி இறங்கினால் அந்தச் செம்பு கரையும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேறெங்காவது படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்துவிடும். அந்தச் செல் அன்றைக்கு நன்றாக வேலை செய்வதுபோல் இருக்கும், அதுதான் ஆபத்து. தேறியதை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, தெரிந்த ஓர் அளவில் முழுக்க இறக்கி, எத்தனை மில்லி ஆம்பியர் மணி கொடுத்தது என்று செல்லின் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதுவார்கள். சார்ஜ் ஏறும்போது தொட்டுப் பார்த்துச் சூடாகும் செல்லை ஒதுக்குவார்கள். முழுச் சார்ஜோடு சில வாரம் சும்மா வைத்து, தானாக வோல்டேஜ் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். உள் மின்தடையை அளப்பார்கள். பிறகுதான் ஒத்த செல்களை ஒத்த செல்களோடு சேர்த்து, நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்வது. ஈயம் உருக்கிப் பற்றவைத்தால் சூடு உள்ளே போய் செல்லைக் கெடுத்துவிடும்.

இதைக் கார் அளவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய செல் ஒன்று 2 ஆம்பியர் மணி கொடுத்தால் ஏறக்குறைய 7.2 வாட் மணி. ஒரு சின்னக் காருக்கு 24 யூனிட் பேட்டரி வேண்டும் என்றால் 3,300க்கும் மேற்பட்ட தேறிய செல்கள் தேவை. ஒரு செல்லை ஏற்றி இறக்கி அளக்கப் பத்து மணி நேரம் என்று வைத்தால், நான்கு செல் போடும் சாதாரண சார்ஜர் ஒன்று இரவு பகல் ஓயாமல் ஓடினாலும் ஏறக்குறைய ஓராண்டு ஆகும். தேறாத செல்களுக்கான நேரம் இதில் சேரவில்லை. சார்ஜர்களை அடுக்கடுக்காக வாங்கலாம். அப்போது மலிவுப் பேட்டரியின் மலிவு சார்ஜருக்குப் போய்விடும். செல் இலவசமாகவே கிடைத்தாலும் அளக்கிற கூலி இலவசம் இல்லை. ஆசைக்குச் செய்கிறவர்கள் தங்கள் நேரத்துக்கு விலை போடுவதில்லை என்பதால்தான் அவர்களுக்கு அது கட்டுப்படியானது.

அவர்களுடைய அச்சத்துக்கும் காரணம் இருந்தது. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் சோனி செல்கள் வைத்த 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. சில பேட்டரிகள் தீப்பிடித்தன. பிறந்த தொழிற்சாலையிலேயே சரியில்லாமல் போன செல் அதில் இருந்தது. அப்படியென்றால், யார் வீட்டில் எப்படி வளர்ந்தது என்றே தெரியாத பழைய செல்லை என்னவென்று நம்புவது?

நிலைமையை மாற்றியது ஒரு கார். 2010 டிசம்பரில் நிசான் லீஃப் விற்பனைக்கு வந்தது. அதன் பேட்டரியில் உருளை செல் கிடையாது. ஏ4 தாள் அளவில், தட்டையான பை போன்ற செல்கள், மொத்தம் 192. நான்கு நான்காக ஓர் அலுமினியப் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தார்கள். அந்தப் பெட்டிதான் மாட்யூல். எடை நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, உள்ளே அரை யூனிட் மின்சாரம். அப்படி 48 மாட்யூல்களைக் கோத்தால் 24 யூனிட், அதுதான் கார் பேட்டரி. மாட்யூலுக்கும் மாட்யூலுக்கும் இடையே வெல்டிங் இல்லை, போல்ட்டுதான். ஸ்பேனர் இருந்தால் கழற்றலாம், மாற்றலாம். 3,300 செல்லை அளக்க வேண்டிய இடத்தில் 48 பெட்டியை அளந்தால் போதும் என்று ஆனது. விபத்தில் நசுங்கிக் காப்பீட்டு நிறுவனங்கள் கழித்துவிட்ட லீஃப் கார்கள் பழைய வண்டிச் சந்தைக்கு வரத் தொடங்கியதும், கொட்டகை ஆர்வலர்கள் லேப்டாப் செல்லை விட்டுவிட்டு இந்த மாட்யூலுக்கு மாறியதில் வியப்பில்லை.

நிசான் இன்னொன்றும் செய்திருந்தது. லீஃப் விற்பனைக்கு வரும் முன்பே, 2010இலேயே, சுமித்தோமோ நிறுவனத்தோடு சேர்ந்து யோகோஹாமாவில் 4ஆர் எனர்ஜி என்ற கம்பெனியைப் பதிவு செய்தது. காரிலிருந்து கழித்த பேட்டரியை என்ன செய்வது என்பதற்காகவே ஒரு கம்பெனி. கார் ஒன்றுகூட விற்காத நேரத்தில் அதன் பேட்டரியின் முதுமைக்கு ஏற்பாடு செய்தார்கள் என்பதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். நல்ல மனது என்பதைவிட, பேட்டரி அப்போது அத்தனை விலை என்பதுதான் காரணம். ஆய்வு நிறுவனமான ப்ளூம்பெர்க்நெஃப் கணக்குப்படி 2010இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கும் மேல். காரின் பாதி விலை பேட்டரி. அதைக் குப்பையில் போட யாருக்கு மனசு வரும்?

ஆனால் கம்பெனிக்கு வேலை வர நாளாயிற்று. பேட்டரி முதுமை முதலில் தெரிந்தது ஜப்பானில் அல்ல, அமெரிக்காவின் அரிசோனாவில்.

லீஃப் பேட்டரியில் முக்கியப் பொருள் லித்தியம் மாங்கனீசு ஆக்சைடு. இதுவும் குட்எனஃபின் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வகத்தில், மைக்கேல் தாக்கரே வந்து சேர்ந்தபோது கிடைத்ததுதான். கோபால்ட்டைவிட மலிவு, எளிதில் எரியாது. ஆனால் சூடு ஆகாது. வெப்பம் கூடினால் மாங்கனீசு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கெடும். அதே காலத்தில் வந்த செவ்ரலே வோல்ட் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவம் ஓடியது. லீஃப் பேட்டரிக்கு அது இல்லை. மூடிய பெட்டி, அவ்வளவுதான். ஃபீனிக்ஸ் நகரில் ஜூலை மாதப் பகல் வெப்பம் சராசரியாகவே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வேலூர்க்காரருக்கு அதை விளக்கத் தேவையில்லை. 2012 கோடையில் அங்கிருந்த லீஃப் உரிமையாளர்கள், கொள்ளளவைக் காட்டும் பன்னிரண்டு கோடுகளில் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வருவதைப் பார்த்தார்கள். நிசான் ஏழு கார்களைத் தன் அரிசோனா சோதனைக் களத்துக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தது. கடைசியில், ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் ஒன்பது கோட்டுக்குக் கீழே போனால் சரிசெய்து தருவோம் என்று உத்தரவாதம் கொடுத்தது. ஒன்பது கோடு என்பது சுமார் 70 விழுக்காடு. 2014இல் அமெரிக்காவில் மாற்றுப் பேட்டரிக்கு 5,499 டாலர் என்று விலை வைத்தார்கள், பழையதைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. வெயிலைத் தாங்கும் புதுக் கலவையும் அடுத்து வந்தது. அதற்குப் ‘பல்லி பேட்டரி’ என்று செல்லப் பெயர்.

பழைய பேட்டரிகள் திரும்பி வரத் தொடங்கியபோது 4ஆர் எனர்ஜிக்கு ஒன்று புரிந்தது. ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு லீஃப் பேட்டரிகள் ஒன்றுபோல் கிழடாவதில்லை. வடக்கே ஹொக்கைடோவின் பனியில் ஓடியதும் தெற்கே ஒக்கினாவாவின் வெக்கையில் ஓடியதும் வேறு வேறு. ஒரே பேட்டரிக்குள்ளும் 48 மாட்யூல் ஒரே மாதிரி தேய்வதில்லை. நடுவே அடைபட்டுச் சூட்டில் வெந்தது ஒரு மாதிரி, ஓரத்தில் சூடு குறைவாகப் பட்டது ஒரு மாதிரி. ஆக, பேட்டரியை முழுசாக எடுத்து இது நல்லது இது கெட்டது என்று சொல்வதில் பொருளில்லை. மாட்யூல் மாட்யூலாக அளக்க வேண்டும். கொட்டகை ஆர்வலர்கள் மார்க்கர் பேனாவோடு செய்ததையே ஒரு தொழிற்சாலை செய்ய வேண்டும், அதுவும் கட்டுப்படியாகிற நேரத்தில்.

தொடக்கத்தில் கட்டுப்படியாகவில்லை. ஒரு பேட்டரியின் 48 மாட்யூல்களையும் ஆராய்ந்து முடிக்க அவர்களுடைய பொறியாளர்களுக்கு 16 நாள் பிடித்தது. 16 நாள் ஒரு பேட்டரிமேல் ஆட்களையும் கருவிகளையும் கட்டிப்போட்டால் அதன் விலை மூன்று லட்சம் யென்னில் எப்படி நிற்கும்? அளக்கும் முறையைத் திருத்திக்கொண்டே போய், கடைசியில் அதே வேலையை நான்கு மணி நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள். என் கணக்கில் இந்தப் பேட்டரியின் பிறந்த நேரம் அதுதான். தொழிற்சாலைக்கு நாடா வெட்டிய நாளை நான் பிறந்த நாளாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஏன் நாமியே? நிசானும் சுமித்தோமோவும் ஊரின் மீட்சிக்கு உதவுவதாகச் சொன்னார்கள். திரும்பி வருகிறவர்களுக்கு வேலை வேண்டும், இடமும் காலியாக இருந்தது. அந்த ஊர் மின்சாரத்தால் பட்டது கொஞ்சமல்ல. பக்கத்து ஊரின் அணு உலை அதைக் காலி செய்தது. நாமியேயின் எல்லையில் தோஹோக்கு மின் நிறுவனம் கட்டவிருந்த இன்னோர் அணுமின் நிலையத்தை 2013இல் கைவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது சூரிய மின்சாரத்திலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் நிலையம் நிற்கிறது. பழைய லீஃப் பேட்டரியும் சூரியத் தகடும் வைத்து, மின்கம்பி தேவையில்லாத தெருவிளக்கு எரிக்கும் முயற்சியும் அங்கேதான் நடந்தது.

தொழிற்சாலை செய்யும் வேலை இப்படி. வரும் பேட்டரியை மாட்யூல்களாகப் பிரித்து அளக்கிறார்கள். கொள்ளளவு 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பவை முதல் தரம். அவற்றை மட்டும் ஒத்ததோடு ஒத்ததாகச் சேர்த்து 48 ஆக்கி, மறுபடி ஒரு லீஃப் பேட்டரி கட்டுகிறார்கள். அடுத்த தரம் ஃபோர்க்லிஃப்ட் போன்ற தொழிற்சாலை வண்டிகளுக்கும் பெரிய மின் சேமிப்பு நிலையங்களுக்கும் போகிறது. அதற்கும் கீழே உள்ளது, கரண்ட் போனால் மட்டும் வேலை செய்ய வேண்டிய அவசர மின்சாரத்துக்கு. ஆண்டுக்கு 2,250 பேட்டரி வரை கையாள முடியும் என்று திறக்கும்போது சொன்னார்கள்; அதில் மறுபடி காருக்குப் போவது சில நூறுதான் என்றும் அப்போதே சொல்லிவிட்டார்கள்.

‘சில நூறுதான்’ என்ற அந்தச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. கார் பேட்டரியிடம் கேட்பது அதிகம். மேட்டில் ஏறும்போது திடீரென்று ஏராளமான மின்னோட்டம் வேண்டும், பிரேக் போடும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், குழி மேடு எல்லாவற்றையும் தாங்க வேண்டும், எடையும் கூடக் கூடாது. தேய்ந்த செல்லில் உள் மின்தடை கூடியிருக்கும்; அதனால் அது சுமை வந்தவுடன் சூடாகிறது, வோல்டேஜும் விழுகிறது. அதே செல் ஒரு மூலையில் அசையாமல் உட்கார்ந்து, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கினால் இன்னும் பல வருடம் உழைக்கும். எடையும் இடமும் அங்கே ஒரு பொருட்டில்லை. 2018இல் ஆம்ஸ்டர்டாமின் யோஹான் கிரைஃப் விளையாட்டரங்கில் புதியதும் பழையதுமாக 148 லீஃப் பேட்டரிகளை வைத்து 3 மெகாவாட் சேமிப்பு நிலையம் அமைத்தார்கள். ஜப்பானில் ரயில்வே கேட்டுகளில் ஈய அமில பேட்டரிக்குப் பதிலாகப் பழைய லீஃப் மாட்யூல்களை ஜேஆர் கிழக்கு ரயில்வே வைத்துப் பார்த்தது. அங்கெல்லாம் அது நிம்மதியாகக் காலம் தள்ளும்.

இப்போது விலைக்கு வருவோம். 3,00,000 யென் என்பது 2018 நிலவரப்படி 2,800 டாலர் அளவில் வரும். 24 யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு 115 முதல் 120 டாலர். இத்தனைக்கும் உள்ளே இருப்பது உண்மையில் 24 யூனிட் இல்லை, எண்பது விழுக்காட்டுச் சொச்சம். ப்ளூம்பெர்க்நெஃப் 2024இல் வெளியிட்ட கணக்கு, புதுப் பேட்டரியின் உலகச் சராசரி விலை யூனிட்டுக்கு 115 டாலர் என்கிறது. அது தொழிற்சாலையிலிருந்து வரும் விலை. ஒரு பழைய காருக்குக் கடையில் மாட்டித் தரும் விலை அல்ல. அப்படியிருந்தும், நாமியேயில் அத்தனை பாடுபட்டுத் தொட்ட விலையைப் புதுப் பேட்டரி ஆறே வருடத்தில் தானாக வந்து தொட்டுவிட்டது. சீனத் தொழிற்சாலைகள் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களை மலைமலையாகக் கொட்டியது அதற்குப் பெரிய காரணம்.

அதனால் நாமியே முயற்சி வீண் என்று சொல்ல மாட்டேன். கழிக்கப்படும் கார் பேட்டரி இனிமேல்தான் பெருகப் போகிறது. அதை உருக்கி உலோகம் எடுப்பதற்கு முன் இன்னொரு முறை வேலை வாங்க முடியும் என்றும், அதற்கு வழி விரைவாக அளப்பது என்றும் அங்கே நிரூபித்தாகிவிட்டது. ஆனால் ‘பழைய செல்லை வைத்து மலிவாக ஒரு கார் பேட்டரி’ என்ற பழைய ஆசையைப் பொறுத்தவரை என் முடிவு இது: சில மாட்யூல்களுக்கே அந்தத் தகுதி உண்டு, அவை எவை என்று சொல்லக் கருவி வேண்டும். கருவி இல்லாதவர் செய்தால் அது சூதாட்டம். காருக்கு அடியில், அதுவும் குடும்பத்தை உட்கார வைத்துக்கொண்டு, சூதாடக் கூடாது.

நம் ஊரிலும் இது வெகு தூரத்துச் சங்கதி இல்லை. இந்தியாவின் 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைச் சீர்செய்து மறுபடி விற்பதையும் பதிவு பெற்ற தொழிலாக ஏற்றுக்கொண்டுவிட்டன. வீட்டு இன்வெர்ட்டருக்கும் ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் ‘லித்தியம், பாதி விலை’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் கூடத்தான் செய்வார்கள். வாங்குவது உங்கள் விருப்பம். வாங்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்: எந்த வண்டியிலிருந்து கழற்றியது, செல் எந்த வருடத்தில் தயாரானது, ஒவ்வொரு மாட்யூலும் இப்போது எத்தனை ஆம்பியர் மணி தருகிறது, உள் மின்தடை எவ்வளவு. நான்குக்கும் பதில் எழுதிய தாளைக் கையில் கொடுத்தால் பணத்தை எடுங்கள். தாள் இல்லை, வாய்வார்த்தைதான் என்றால், எத்தனை மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.